சைடு ஸ்டாண்டு இல்லாத வண்டி

"அண்ணி, கொஞ்சம் ஒதுங்குங்க, வண்டி பின்னாடி வருது!"

கொழுந்தனார் சத்தம் போட, அவள் கதவோரம் ஒதுங்கினாள். சிவப்பும் வெள்ளையுமான அந்த வண்டி, அவர் பிடியில் ஹாலை விட்டுப் பின்னோக்கி வாசல் சரிவில் இறங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டதாக மகள் சற்றுமுன்தான் போன் செய்திருந்தாள். அவரைக் கிடத்த வீட்டில் இருந்தது அந்த ஒரு ஹால்தான். அதில் பாதியை வண்டி அடைத்துக்கொண்டிருந்தது.

வண்டி மகளுடையது. ரேஸ் மைதானத்தில் ஓட்டுவதற்கென்றே, எண்ணி ஐந்நூறு மட்டும் செய்து நிறுத்திவிட்ட பைக் ரகம். எத்தனையாவது வண்டி என்று ஹேண்டில்பார் நடுவில் பொறித்திருக்கும். ஹெட்லைட் கிடையாது, பின்னால் பார்க்கும் கண்ணாடி கிடையாது, ரோட்டில் ஓட்ட அனுமதியும் கிடையாது. பிரேக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒரு கார் வாங்குவாள் என்று பார்த்தால், இதை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள்.

"ரோட்டுல ஓடாதது என்னடி வண்டி? யானையக் கட்டித் தீனி போடற கதையா இருக்கு," என்று தாய் அன்று ஆரம்பித்தவள்தான், நிறுத்தவே இல்லை. அவள் கணவர் பல் செட் செய்பவர். ஊர் வாய்க்கெல்லாம் பல் கட்டிக் கொடுத்தவருக்கு வீட்டில் இருந்த இந்த ஒரு வாயை அடைக்கத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே மகள் பக்கம் போய் நின்றுகொண்டார். ஞாயிறானால் இரண்டு பேரும் வேனில் கிளம்பிவிடுவார்கள். மகள் ஓட்டுவாள், அவர் டயருக்குச் சூடேற்றும் போர்வையைச் சுற்றிவிட்டு, கழற்றி, மறுபடி சுற்றுவார்.

"எனக்கு ஒரு நாள் போத்தி விட்டிருப்பீங்களா? டயருக்குப் போய் போத்தி விடறீங்க!"

"டயர் பதில் பேசாதுல்ல," என்பார்.

அவர்கள் திரும்பும்வரை அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பச்சைத் தண்ணீர் தொண்டையில் இறங்காது. 'இந்த வண்டி ஒரு நாள் இல்லேன்னா ஒரு நாள் இந்த வீட்டுக்குப் பொணத்தக் கொண்டாரப் போகுது' என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறாள். மகளுக்காகப் பயந்து சொன்னது அது. மகள் ஒவ்வொரு ஞாயிறும் முழுசாகத் திரும்பி வந்தாள். தலைவலி என்றுகூடப் படுக்காத மனிதர், இன்று காலை தன் மேஜையில் ஒரு பல் அச்சின் மேல் குனிந்தவர், நிமிரவே இல்லை. இத்தனை வருஷப் பயத்தையும் தப்பான ஆளுக்குச் செலவழித்துவிட்டோமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அழுகை இன்னும் வரவில்லை.

வாசலில் கொழுந்தனார் வண்டியைப் பிடித்தபடி, கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடுபவர்போல ஒரு காலால் அடியில் துழாவிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இதுக்கு சைடு ஸ்டாண்டு எங்க இருக்கு?"

"கிடையாது."

"கிடையாதா! சைக்கிளுக்குக்கூட இருக்குமே?"

"பின் சக்கரத்துக்கு அடியில ஒரு இரும்பு ஸ்டாண்டு குடுத்து நிறுத்தியிருந்துச்சே, அத நீங்கதான் கழட்டிட்டீங்க. ஒருத்தர் வண்டிய நேரா புடிச்சுக்கணும், இன்னொருத்தர் ஸ்டாண்ட மாட்டி அமுக்கணும். அப்பாவும் பொண்ணும் அப்படித்தான் செய்வாங்க."

"உங்களுக்கு மாட்டத் தெரியுமா?"

"சமையக்கட்டுலேருந்து பாத்திருக்கேன், அவ்வளவுதான்."

கொழுந்தனாருக்கு நெற்றியில் வியர்வை வழிந்தது. உள்ளே சோபாவை நகர்த்த வேண்டும், பெஞ்சு போட வேண்டும். வந்திருந்த இரண்டு ஆண்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். "சரி, இந்தச் சுவத்துல சாத்திடறேன்."

"சாத்தாதீங்க!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம். "சொரசொரன்னு இருக்கு சுவரு. கீறிடும்."

"அண்ணனே போயிட்டாரு, நீங்க கீறலப் பத்திப் பேசறீங்களே அண்ணி."

"இங்க குடுங்க. நான் புடிச்சுக்கறேன். நீங்க உள்ள போய் ஆகவேண்டியதப் பாருங்க."

அதுவரை அவள் அந்த வண்டியைத் தொட்டதில்லை. ஹாலைக் கூட்டும்போதுகூடச் சுற்றிக்கொண்டுதான் போவாள். இப்போது ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சீட்டையும் பிடித்துக்கொண்டாள். நேராக வைத்திருந்தால் கனமே தெரியவில்லை. இம்மி சாய்ந்தால் ஆளையே இழுத்தது.

எதிர்வீட்டுக்காரி ஓடி வந்தவள் வண்டியைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ! இதுலயா போனாரு?"

"இல்ல. உக்காந்த நாக்காலியில போனாரு. இது ஒண்ணும் பண்ணல."

"நீங்க எப்பவும் பயந்துக்கிட்டே இருப்பீங்களே, அதான்..."

"இது ஒண்ணும் பண்ணலங்கறேன்ல."

ஆம்புலன்ஸ் வந்தது. மகள் முன்னால் இறங்கினாள், கசங்கிய கம்பெனிச் சட்டையோடு. கொழுந்தனாரும் மற்றவர்களும் ஓடிப்போய் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். வழி குறுகல். அவளை உரசிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. தூங்குகிற முகம்தான். துணிக்கு வெளியே தெரிந்த முழங்கையில் அச்சு வார்க்கும் மாவு வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. தினமும் சாப்பிட உட்காரும்போது அதைக் காட்டி அவள் திட்டுவாள், அவர் போய்க் கழுவிக்கொண்டு வருவார். துடைத்துவிடக் கை துடித்தது. கையை எடுத்தால் வண்டி விழும். அவர் அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் வந்த மகள் வண்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். உள்ளே போய் இரும்பு ஸ்டாண்டை எடுத்து வந்து, பின் சக்கரத்தின் அருகே மண்டியிட்டாள்.

"அம்மா, கொஞ்சம் உங்க பக்கமா சாஞ்சிருக்கு. நேரா புடிங்க."

பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம். அப்படியே இருங்க. அசையாதீங்க."

மகள் ஸ்டாண்டை மாட்டி, எழுந்து, உடம்பின் பாரத்தை அதன்மேல் போட்டு அமுக்கினாள். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. வண்டி தானாக நின்றது.

"அவ்வளவுதான்மா. விடலாம்."

உள்ளே யாரோ, "அண்ணி எங்க? அண்ணியக் கூப்பிடுங்க," என்றார்கள்.

"அம்மா, இனிமே விழாது. விடுங்க."

"ம்," என்றாள் அவள். ஹேண்டில்பாரைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. மகள் சுற்றி வந்து, ஒவ்வொரு விரலாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.