கல்லறைக் கல்

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் மதியம், அண்ணனின் கல்லறையைச் சுபா அண்ணி கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தாள். பூச்சு வேலைக்கு வந்த கொத்தனார் கரண்டியும் கையுமாக என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? அந்தக் கற்களை அண்ணியோடு சேர்ந்து சுமந்து வந்தவளே நான்தான்.

அண்ணன் சகாய ஆனந்த் டவுனில் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிளாண்ட்டில் வேலை பார்த்தான். தவக்காலத்தில் ஒருநாள், அடைப்பு எடுக்கச் சேற்றுத் தொட்டிக்குள் இறக்கிவிட்டார்கள். பிணமாகத்தான் மேலே வந்தான். அண்ணி ஒரு முழு சோப்பையும் அவன் உடம்பில் தேய்த்துக் கரைத்தாள், நாற்றம் போகவில்லை. பெட்டியில் வைத்த பிறகும், "இன்னும் ஒரே ஒரு தடவ கழுவிடுறேங்க" என்று கெஞ்சினாள். பாவிகள், நேரமாச்சு என்று மூடி ஆணி அடித்தார்கள்.

நாங்கள் இருவரும் வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் இருதயநாதனின் ஹாலோ பிளாக் பட்டறையில் வேலை செய்கிறோம். சிமெண்ட்டோடும் கிரஷர் தூளோடும் லாரியில் வரும் சாம்பலைக் கலந்து கல் போடுவோம். ஏதோ கரண்ட் எடுக்கிற இடத்துச் சாம்பல் என்று நினைத்திருந்தோம். சாம்பலுக்கு யார் ஊர் பேர் கேட்கிறார்கள்? திருநாளுக்குள் கல்லறை கட்ட வேண்டும் என்றதும் முதலாளி நம்ம கல்லையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். அண்ணி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, முனை உடையாத கல்லாகப் பொறுக்கினாள்.

அன்று காலை சாம்பல் இறக்க வந்த டிரைவர் செல்லதுரைதான் பேச்சுவாக்கில் சொன்னார். "உங்க அண்ணன் வேல பாத்த பிளாண்ட்டுலேருந்துதாம்மா வருது. சேத்தக் காயவெச்சு எரிக்கிறாங்கல்ல, அந்தச் சாம்பலு. ஒனக்குத் தெரியாதா?"

அண்ணி கையிலிருந்த சட்டியை அப்படியே போட்டாள். முதலாளி ஓடிவந்தார்.

"தீயில வெந்ததும்மா. கிருமி கெடையாது, நாத்தம் கெடையாது. சோதிச்சுப் பாத்துத்தான் தர்றாங்க."

"இருக்கட்டுங்க. அவரு முங்கிச் செத்த சேத்த அவரு மேலயே ஏத்தி வெச்சிருக்கேனே. என் கையாலயே பொறுக்கி வெச்சிருக்கேனே!"

அண்ணி கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

பொழுது சாய்வதற்குள் ஒரு கல் மிச்சமில்லாமல் பெயர்த்து, கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே போட்டோம். அண்ணன் மேல் வெறும் மண்தான் மிஞ்சியது. அண்ணி அதை உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன் செய்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஊரே திரண்டிருந்தது. சுண்ணாம்பும் பூவுமாய் மற்ற கல்லறைகள் பளபளத்தன. ஃபாதர் மந்திரித்துக்கொண்டே எங்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தார். அவசரத்தில் மெழுகுவத்தி வாங்க மறந்திருந்தோம். கேட்டுக்கு ஓடினோம். அமலோற்பவமேரி அக்காவின் கடை ஒன்றுதான் இருந்தது. நாங்கள் பெயர்த்துப் போட்ட கற்களை அடுக்கி, அதன்மேல் மெழுகுவத்திகளைப் பரப்பியிருந்தாள்.

"நல்ல கல்லும்மா, யாரோ போட்டுட்டுப் போயிருக்காங்க" என்றாள்.

அண்ணி இரண்டு மெழுகுவத்தி எடுத்தாள். மண்ணருகே வந்து உட்கார்ந்து அவற்றை முந்தானையால் துடைத்தாள். ஃபாதர் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார். நான் தீப்பெட்டியை நீட்டியபடியே நின்றேன். அவள் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள்.