மீதி வாக்கியம்

பொழுது விடிந்தும் விடியாமலும் எதிர்வீட்டுப் புவனேஸ்வரி கொல்லைக் கதவைத் தட்டினாள். வாசல் வழியாகவே வந்து பழகியவள் என்பதால் அம்பிகாவுக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். பாப்பாவுக்கு இன்னிக்கு இங்கிலீஷ் பரீட்ச. அவ பஸ் ஏறுற வரைக்கும் செத்த உள்ளாறவே இருந்துடுங்க. எனக்கு இதுலல்லாம் நம்பிக்க இல்ல. அவங்கப்பாதான்..."

அவங்கப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். இங்கே செந்துறையில் யார் எதிரே யார் வருவது என்பதை அங்கிருந்தே கவனித்துக்கொள்கிறார்.

அம்பிகாவின் கணவன் சிமெண்ட் லாரி ஓட்டியவன். பாடாலூர் பக்கம் விபத்தில் போய்விட்டான். அதிலிருந்து அவள் டியூஷன் எடுக்கிறாள். வருஷம் முழுக்க அவள் முகத்தைப் பார்த்துப் படிக்கலாம். பரீட்சை காலையில் மட்டும் ஆகாது. அம்பிகா முடியாது என்று சொல்லியிருப்பாள். ஆனால் புவனேஸ்வரியின் மகள் வினோதினிக்கு மார்க் குறைந்தால் பழி தன் தலையில்தான் விழும். கதவைச் சாத்திக்கொண்டாள்.

சற்று நேரத்தில் புவனேஸ்வரியிடமிருந்து போன்.

"பாப்பாவுக்கு ஏதோ டவுட்டாம் மிஸ். வீடியோ வேணாம், சும்மா பேசுங்க. ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன்."

குரலுக்குத் தோஷம் இல்லை போலிருக்கிறது.

"எது முழு வாக்கியம், எது துண்டுன்னு கொழப்புது மிஸ்," என்றாள் வினோதினி. அழுதுவிடுவாள் போலிருந்தது.

"பதறாத. வாசிச்சதும் 'அதனால என்ன?'ன்னு கேக்கத் தோணுச்சுன்னா துண்டு. 'பிகாஸ் இட் ரெயின்ட்'?"

"மழ பெஞ்சதால... துண்டு மிஸ்."

"'பிகாஸ் மிஸ் இஸ் எ விடோ'?"

வினோதினி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"மிஸ் ஒரு விதவைங்கறதால... அதுவும் துண்டுதான் மிஸ்."

"சரி, மீதியச் சொல்லி முடி."

"என்ன சொல்றது? அம்மா, என்னம்மா சொல்றது?"

புவனேஸ்வரி தொண்டையைச் செருமினாள். "அதெல்லாம் பரீட்சைக்கு வராதுடி. கெளம்பு."

அம்பிகா போனை வைத்தாள். தாழ்ப்பாளை நீக்கி, வாசல் கேட்டருகே வந்து நின்றாள். எதிரே வினோதினி படியிறங்கினாள். புவனேஸ்வரி பாய்ந்து பரீட்சை அட்டையை மகளின் முகத்துக்கு நேரே பிடித்தாள். வினோதினி அதை வாங்கிப் பையில் செருகிக்கொண்டு, தெருவைக் கடந்து நேராக அம்பிகாவிடம் போனாள்.

"போயிட்டு வரேன் மிஸ்."

"நல்லா எழுதிட்டு வா."

பஸ் கிளம்பிய பிறகு சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. "பாப்பா கெளம்பிட்டாளா? யாரும் எதிர்ல வரலியே?"

"யாரும் வரலைங்க," என்றாள் புவனேஸ்வரி. "பாப்பாதான் எதிர்ல போனா."