மழைக்கு வெளுக்காத சரஸ்வதி

1

நடந்ததைத்தான் தீபிகா எழுதுகிறாள். கதை என்று பெயர் வைத்தது பயத்தினால்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மயிலாப்பூரில் கோதண்டராம ராஜு என்றொரு ஓவியர் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். (பெயரை மாற்றியாயிற்று. புகழை மாற்ற மனம் வரவில்லை.) அவர் தீட்டிய சரஸ்வதி அச்சாகி, ஊரில் பாதிப் பூஜையறைகளில் தொங்கியது. அவருடைய கொள்ளுப்பேரன் சுப்பராயன், தீபிகாவின் அப்பா, "நம்ம வீட்ல இருக்கிறது அச்சு இல்ல, அவர் கையால போட்டது" என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சாம்பிராணிப் புகை படிந்த கண்ணாடிக்குப் பின்னால் எது அசல், எது அச்சு? சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். தீபிகாவும்தான்.

2

அப்பா இடுப்பெலும்பு முறிந்து அடையாறு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கண்ணாடி விரிசல் விட்டது. உடைந்த சாமி படம் வீட்டுக்கு ஆகாது. குப்பையில் போடவும் கூடாது. ஆகவே வேலைக்காரி பேச்சியம்மாள் அதைக் கொண்டுபோய்

(நிற்கட்டும். பேச்சியம்மாள் அன்றைக்கு லீவு. பழி போட ஆள் தேடினால், எழுதுகிறவர்களுக்கு வேலைக்காரிதான் முதலில் அகப்படுகிறாள். தூ.)

தீபிகாதான் கொண்டுபோனாள். தெருமுனை அரசமரத்தடியில், ஊரார் கழித்துவிட்ட சாமி படங்களோடு சாய்த்து வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

3

அப்பா வீடு திரும்பிய அன்றே மியூசியத்திலிருந்து கடிதம் வந்தது. இருபது வருஷமாக அவர் போட்ட மனுக்களுக்குப் பதில்: படத்தைப் பார்க்க நிபுணர் வருகிறார். தீபிகா மரத்தடிக்கு ஓடினாள். ஒரு படமும் இல்லை. தெரு பெருக்கும் கெங்கம்மாவைக் கேட்டாள்.

"காலைலதான் லாரி வந்து வாரிக்கினு போச்சு. மழைல எல்லாப் படமும் ஊறி வெளுத்துப்போச்சும்மா. ஒரு சரஸ்வதி மட்டும் அப்டியே இருந்துச்சு. இன்னா பெயின்டோ."

அச்சுக் காகிதம் ஊறும். எண்ணெய்ச் சாயம் ஊறாது. அப்பா சொன்னது நிஜம் என்று தீபிகா தெரிந்துகொண்டது இப்படித்தான். குப்பைமேடு வரைக்கும் போய்த் தேடினாள். கிடைக்கவில்லை.

4

கிடைத்தது என்று ஒரு முடிவு எழுதிப் பார்த்தாள். அதை அடித்துவிட்டாள்.

உண்மையில் அவள் செய்தது இது: மாட வீதியில் அதே சரஸ்வதியின் அச்சுப் படத்தை வாங்கிப் பழைய ஆணியில் மாட்டினாள். அப்பாவுக்குக் கண்ணில் புரை, தெரியவில்லை.

நிபுணர் வந்தார், குனிந்து பார்த்தார். "சார், இது சாதாரண பிரிண்ட். கடையில கிடைக்கிறதுதான்."

அவர் போனபிறகு கட்டிலில் படுத்திருந்த அப்பா மெல்லக் கேட்டார்: "அப்ப இத்தனை வருஷமா நான்தான் எல்லாரையும் ஏமாத்தினேனாம்மா?"

இந்தக் கேள்விக்குப் பதில் ஒரே வாக்கியம். தீபிகா அதை எழுதமாட்டாள். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, அந்தக் கட்டிலருகே போய் நீங்கள் சொல்லுங்கள்.