இரண்டு தடவை அடித்த மணி

முப்பத்தோரு வருஷத்தில் கொடிக்காரர் ஒரே ஒரு நாள்தான் தாமதித்திருக்கிறார். அதுவும் அரை நிமிஷம். ராஜாவின் கார் பின்வாசலைத் தாண்டிய பிறகும் அரண்மனை உச்சியில் கொடி பறந்ததென்று, அவரைப் பகல் முழுக்க மொட்டைமாடி வெயிலில் நிற்க வைத்துவிட்டார்கள். அன்றோடு அவர் கைக்குத் தனியாக ஒரு மூளை முளைத்துவிட்டது. பின்வாசல் காவலாளி பொத்தானை அழுத்துவார், மாடியில் மணி அடிக்கும். மூன்று தடவை அடித்தால் ராஜா வந்துவிட்டார், கொடியை ஏற்று. இரண்டு தடவை அடித்தால் கிளம்பிவிட்டார், இறக்கு. வீட்டில் சாப்பிடும்போது பக்கத்துத் தெருப் பள்ளிக்கூட மணி கேட்டால்கூட மனுஷனின் கை மேலே போகும். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்த மகள்தான் இப்போது கீழே, முன்வாசலில் திரண்ட கூட்டத்தின் முதல் வரிசையில் நின்றாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ். வெள்ளை உடுப்பும் தோளில் மருந்துப் பையுமாக வந்திருந்தாள். அத்தனை ஆயிரம் தலைக்கு நடுவே பெற்றவனுக்கு அடையாளம் தெரியாதா என்ன? மூன்று வாரமாக ஊரே தெருவில்தான் கிடந்தது. முதல் வாரம் விலைவாசியைக் குறைக்கச் சொன்னார்கள். அடுத்த வாரம், சுடப்பட்டவர்களின் உடல்களைக் கேட்டார்கள். இப்போது ராஜாவையே போகச் சொல்கிறார்கள். "அந்தத் துணிக்குக் காவல் நிக்க உங்களுக்கு வெக்கமா இல்லையாப்பா?" என்று கேட்டவள், அதற்குப் பிறகு அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

காலையில் மாடிப்படி ஏறும்போதே முன்வாசல் கேப்டன் சொல்லியிருந்தார்.

"என் உத்தரவு ரொம்பச் சுருக்கம், பெரியவரே. கொடி மேல இருந்தா ராஜா உள்ள இருக்கார். அவர் உள்ள இருந்தா, கேட்டைத் தாண்டுறவங்களைச் சுடணும்."

"கொடி இறங்கியிருந்தா?"

"வெறும் கட்டடத்துக்காக யாரைச் சுடுறது?"

கேப்டனுக்கே பிடிக்காத உத்தரவு அது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

உச்சிவேளையில் கேட்டின் ஒரு கதவு கீலோடு பெயர்ந்து சாய்ந்தது. சிப்பாய்கள் வரிசையாகத் துப்பாக்கியை உயர்த்தினார்கள். சாய்ந்த கதவின் மேல் முதலில் கால் வைத்தது யார் என்கிறீர்கள்? அவள்தான். கதவுக்கடியில் ஒருவன் சிக்கிக்கொண்டான், அவனை இழுக்கப் போனாள்.

கொடிக்கயிறு கொடிக்காரரின் மூக்குக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. முடிச்சை அவிழ்த்து ஒரு இழுப்பு, அவ்வளவுதான் வேலை. இறக்கு, இறக்கித் தொலை என்று மனசு அடித்துக்கொண்டது. ராஜா உள்ளே இருக்கும்போது கொடியில் கை வைத்தால் தூக்குத்தான் என்பதும் அவருக்குத் தெரியும். கை எழவில்லை. எழவே இல்லை. கேப்டனின் கை மேலே போவதைப் பார்த்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மணி அடித்தது. இரண்டு தடவை.

அவர் கண்ணைத் திறப்பதற்குள் கை முடிச்சை அவிழ்த்திருந்தது. கப்பி கிரீச்சிட்டது, கொடி சரசரவென்று இறங்கியது. வழக்கம்போல நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகுதான் பின்பக்கம் பார்த்தார். பின்சாலையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ராஜாவின் கார் போய்க்கொண்டிருந்தது.

கீழே கேப்டனின் கை பாதியில் நின்றது. கேப்டன் வெறும் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு துப்பாக்கியைத் தரையில் வைத்தார். ஒவ்வொருவராக மற்றவர்களும் வைத்தார்கள்.

மாடித் தொலைபேசி அலறியது. அரண்மனை மேலாளர்.

"யோவ், கொடியை இறக்க எவன்யா சொன்னான்?"

"மணி அடிச்சுதுங்க, ஐயா."

"மணியா? ராஜா எல்லை தாண்டுற வரைக்கும் இங்க கூட்டத்தைச் சுட்டுக்கிட்டே இருக்கணும்னு ஏற்பாடுய்யா. கார் போறது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. அந்த மணியை எவன் அடிச்சான்?"

வேறு யார் அடிப்பார்கள்? கார் தாண்டினால் அடிப்பதுதானே பின்வாசல் காவலாளியின் பழக்கம். இத்தனை பெரிய சூழ்ச்சி பண்ணியவர்களுக்கு, அடிக்காதே என்று அவனிடமும் இறக்காதே என்று இவரிடமும் சொல்லத் தோன்றவில்லை. எந்தக் காலத்தில் இவர்களிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கிறார்கள்?

சற்று நேரத்தில் ஜனம் மாடிக்கு வந்துவிட்டது. யார் யாரோ கட்டிப்பிடித்தார்கள். உயிரைத் துச்சமாக நினைத்துக் கொடியை இறக்கிய மகராசன் என்று தோளில் தூக்கினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகள் வந்தாள். உடுப்பெல்லாம் மண். அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்பா. என்னைப் பாத்துட்டு நீங்க சும்மா நிக்க மாட்டீங்கன்னு தெரியும்."

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவரால் முடியவில்லை.

"மணி அடிச்சுதும்மா. அதான் இறக்கினேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அடிக்கலைன்னா?"

அவர் கக்கத்திலிருந்த கொடியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"பாத்துக்கிட்டே நின்னிருப்பேன்மா" என்றார்.