செங்கமலத்தின் பந்தி

1991 பொங்கலுக்கு மறுவாரம் செங்கமலத்தின் வலது கை நடுங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து வடக்குப்பட்டு கீழத்தெருவில் யாரும் தயிர் கடையவில்லை. அவள் கை ஆட ஆட, பதினேழு வீட்டுப் பானைகளிலும் தயிர் தானாகச் சுழன்று வெண்ணெய் திரண்டது. இரண்டு நாள் அதிசயப்பட்டார்கள். மூன்றாம் நாள் மத்தைப் பரணில் போட்டார்கள். டாக்டர் அந்த நடுக்கத்துக்குப் பார்க்கின்சன் என்று பேர் சொன்னார். பேர் தெரிந்து என்ன, அள்ளிய சோறு பாதி வழியில் சிதறியது. கணவர் தாண்டவராயன் ஊட்டிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் அது அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. ஆவணியில் மகள் காஞ்சனாவுக்குக் கல்யாணம். "சம்மந்தியம்மா எதிர்ல எனக்கு யாரும் ஊட்டக் கூடாது. பந்தியில குந்தி என் கையாலதான் சாப்புடுவேன்," என்று சொல்லிவிட்டாள்.

வாரம் ஒருநாள் பஸ் ஏறிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். உண்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் எழிலரசி, "நடுக்கம் முழுசா போகாதும்மா," என்று ஒளிக்காமல் சொன்னார். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடவும், முழங்கையை மேசையில் ஊன்றிச் சின்னக் கவளமாக எடுக்கவும் பழக்கினார். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற வீட்டில் மேசைக்கு எங்கே போவது? செங்கமலம் முழங்காலைக் குத்திட்டு, அதன்மேல் முழங்கையை ஊன்றினாள். ஆறு மாதம் விடாமல் பழகினாள்.

அவள் கை அடங்கியபோதெல்லாம் தெருவில் தயிரும் அடங்கியது. தெரு வெண்ணெயை ஒரகடத்துக்குக் கொண்டுபோய் விற்கும் சின்னப்பொண்ணு வந்து நின்றாள். "இன்னாக்கா, நீ பாட்டுக்குப் பழகினு கீற. எங்க பொழப்பு இன்னா ஆவறது?"

"உனக்குக் கை நல்லாத்தான கீது? கடைஞ்சிக்கோ," என்றுவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தாள் செங்கமலம்.

கல்யாணப் பந்தி வீட்டு வாசல் பந்தலிலேயே நடந்தது. மாப்பிள்ளையின் தாய் ராஜம்மா பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். செங்கமலம் முழங்காலைத் தூக்கி வைத்ததும் எதிர்வரிசையில் யாரோ, "பொம்பள குந்தற லட்சணத்தப் பாரு," என்றார்கள். அவள் காதில் வாங்கவில்லை. முதல் கவளம் வாய்க்குப் போனது. இரண்டாவதில் நாலு பருக்கை விழுந்தது. ரசச்சோற்றில் கை ஒருமுறை துள்ளியது. பொறுத்திருந்து மறுபடி எடுத்தாள். தாண்டவராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ராஜம்மா தன் முழங்காலையும் தூக்கி வைத்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் மோர் ஊத்துங்க," என்றாள்.

"அக்கா கை நின்னுகினு கீதே, மோர் எப்புடிம்மா ஆவும்?" என்றாள் பரிமாறிக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு.

ராஜம்மா, ஆடட்டுமே என்பதுபோல் செங்கமலத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். செங்கமலம் கையை முழங்காலிலிருந்து எடுத்து, கொஞ்ச நேரம் அதன் போக்கில் ஆடவிட்டாள். மோர் வந்தது. இருவரும் குடித்தார்கள்.