முதல் பத்துப் பேர்

கல்வி அலுவலகக் கணினியில் பள்ளிகளை வரிசைப்படுத்த அவள் எழுதிய குவெரி ஓடி முடிந்ததும் பட்டியலின் அடிக்குப் போய்ப் பார்த்தாள். நாற்பத்தோராவது இடத்தில், எல்லாருக்கும் கீழே, அண்ணி பாடம் நடத்தும் பள்ளி.

அங்கே ஒரு பிள்ளைகூடத் தொண்ணூறுக்குக் கீழே வாங்கவில்லை. அதற்கு மேலிருந்த பள்ளியில் எண்பதைத் தொட்டவரே கிடையாது. எங்கோ கை தவறிவிட்டது என்று தான் எழுதியதை வரிவரியாகச் சரிபார்த்தாள். தவறு இல்லை. ஒவ்வொரு பள்ளியிலும் மதிப்பெண்படி வரிசைப்படுத்து, முதல் பத்துப் பேரை மட்டும் எடு, அவர்கள் மதிப்பெண்ணைக் கூட்டு என்பதுதான் உத்தரவு. அப்படியேதான் கூட்டியிருந்தது. ஆனால் அண்ணியின் பள்ளியில் தேர்வெழுதியதே எட்டுப் பேர். எட்டுப் பேரின் எழுநூற்று முப்பத்தாறு, பத்துப் பேரின் எழுநூற்று நாற்பத்தொன்றுக்குக் கீழே போய்விட்டது. கடைசி ஐந்து பள்ளிகளை மூடப்போகிறது கல்வித் துறையின் குழு.

அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். சராசரி எடுக்கலாமே என்றாள். விதியைக் குழு முடிவு செய்துவிட்டது என்றார் அவர், கையெழுத்துப் போடுவதை நிறுத்தாமலே.

"சார், அங்க பத்துப் பேரே இல்ல. இல்லாத ரெண்டு பேருக்கு முட்டை போட்ட மாதிரி ஆயிடுச்சு."

"கேட்டதக் குடுத்தாப் போதும்மா. நியாயமெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை பேரைக் கூட்டியது என்று காட்டப் பட்டியலின் ஓரத்தில் ஒரு பத்தி சேர்த்து அவருக்கு அனுப்பினாள். தாளில் இடம் போதவில்லை என்று அதை நீக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார். இடமா போதவில்லை? பாதித் தாள் வெறுமையாகக் கிடந்தது.

மதியம் அண்ணியிடம் ஃபோனில் சொன்னாள். அழுவாள் என்று நினைத்தாள். அண்ணி அழவில்லை. பின்னால் பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கும் சத்தம் கேட்டது.

"இதுங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது? நல்லாப் படிச்சீங்க, ஆனா தலை பத்தலன்னா?"

ஃபோனை வைத்த கையோடு அவள் அந்தப் பத்தியை மறுபடி சேர்த்தாள். '8' என்ற எண்ணைத் தடித்த எழுத்தாக்கினாள். குழுவில் இருந்த பதினோரு பேருக்கும், நாற்பத்தொரு தலைமையாசிரியர்களுக்கும், தன் பெயரிலேயே பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பினாள். வேலை போனால் போகட்டும்.

கால் மணி நேரம் ஆகியிருக்காது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அதிகாரியின் மேசையில் தொலைபேசி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அவர் அதை எடுக்கவில்லை. கண்ணாடி வழியே அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்வையைத் தாழ்த்தவில்லை.