பெயிண்ட் காயட்டும்

ஐஸ்கிரீம் பெட்டி வந்து வாசலை அடைத்தது என்று பின்னாளில் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. தெருமுனைக் கடையின் அந்தப் பெரிய பெட்டி வெள்ளத்தில் மிதந்து, யாரோ முகவரி எழுதி அனுப்பியதுபோல் நேராகத் தையற்காரியின் வீட்டுக்கு வந்து, கதவுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் வசமாகச் சிக்கிக்கொண்டது. வெள்ளம் கதவை உள்ளே தள்ளிவிடக்கூடாது என்று போன வருடம்தான் அதை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றியிருந்தார்கள். இப்போது அது எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

உள்ளே மூன்று பேர். தையற்காரி, வலது காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடக்கும் அவள் கணவர், அவரைத் தூக்கிப் போகலாம் என்று வந்து தானும் மாட்டிக்கொண்ட அவள் தம்பி. கணவர் பஸ் டிரைவர். கை காட்டினால் போதும், எங்கே வேண்டுமானாலும் நிறுத்துவார் என்பதால் தெருவில் அவருக்குப் பேர் 'பிரேக்'. தம்பி வெல்டர். தெருவில் இரும்பு என்று எது இருந்தாலும் அது அவன் கை பட்டதுதான்.

குளியலறைத் துவாரம் வழியாகத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. தையல் மெஷினின் மிதிகட்டையை மறைத்து, அதன் மேல் பலகையை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. வெட்டி வைத்த ரவிக்கைத் துணிகள் அறைக்குள் உலா வந்தன. கட்டிலின் விளிம்பும் நனைந்துவிட்டது.

"இன்னும் கொஞ்ச நேரத்துல எனக்கு நீச்சல் தெரியுமான்னு தெரிஞ்சுடும்" என்றார் பிரேக்.

"வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றாள் அவள். அவருக்கு நீச்சல் தெரியாது. கட்டு நனைந்து கனத்த காலோடு ஒருவர் தண்ணீரில் எப்படி மூழ்குவார் என்பதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தெரு இதற்குத் தயாராகத்தான் இருந்தது. முந்தைய வெள்ளத்தில் பட்ட பாடு போதும் என்று, மாடி வீட்டு டீச்சர் முன்னால் நின்று எல்லாரையும் திரட்டினார். குப்பை கொட்டித் தூர்த்த குளத்தை மீண்டும் தோண்டினார்கள். வீட்டுக்கு வீடு மழைநீர் இறங்கக் குழி எடுத்தார்கள். சிமென்ட் போட்டு மூடிய நடைபாதையைப் பெயர்த்துச் செடி வைத்தார்கள். மொட்டை மாடிகளில் சூரிய விளக்கும் குடிநீர்த் தொட்டியும் வந்தன. அந்தக் குளம் மட்டும் இல்லையென்றால் இந்தத் தண்ணீர் விடியும்போதே உள்ளே வந்திருக்கும். மேலே எங்கோ ஏரிக்கரை உடைந்த பிறகும் மத்தியானம் வரை தெரு தாக்குப்பிடித்தது. அந்த அவகாசத்தில்தான் பாதித் தெரு மேலே ஏறியது.

கீழ்வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு வழியும் செய்தார்கள். எல்லா ஜன்னல் கிரில்லும் திருடனுக்குப் பயந்து போட்டவை. வெள்ளத்தில் அவையே கூண்டு. அதனால் வீட்டுக்கு ஒரு ஜன்னலில், கிரில்லுக்குள்ளேயே ஒரு சின்னக் கதவு. பூட்டு உள்பக்கம், சாவி பக்கத்து ஆணியில். கதவைத் தள்ளினால் வெளியே மாடிப்படி. எல்லா வீட்டுக்கும் செய்து மாட்டியது தம்பிதான். அதில் அவனுக்கு ஏக பெருமை.

அவள் சாவியை எடுத்தாள். மாதம் தவறாமல் மெஷின் எண்ணெய் விட்ட பூட்டு 'டிக்'கென்று திறந்தது. தம்பி கிரில் கதவைத் தள்ளினான்.

அசையவில்லை.

தோள் கொடுத்துத் தள்ளினான். காலால் உதைத்தான். பிறகு கம்பிக்கு வெளியே கையை விட்டு ஓரத்தைத் தடவினான். ஓரிடத்தில் விரல் நின்றது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. கீல் இறுகியிருக்கும்." காது மடலை இழுத்துக்கொண்டான். பொய் சொல்லும்போதெல்லாம் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்தப் பழக்கம்.

"காதை விட்டுட்டுச் சொல்லு."

அவன் காதை விட்டான். "பொட்டுக்கா."

"என்ன பொட்டு?"

"வண்டியில கொண்டு வரும்போது கதவு ஆடாம இருக்க, ஓரத்துல பொட்டு மாதிரி ஒரு வெல்டிங் வைப்போம். மாட்டினப்புறம் அறுத்துடணும். இதுல அறுக்கல. மேலயே பெயிண்ட் அடிச்சுட்டேன்."

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. துணியை மெஷினில் கொடுப்பதற்கு முன் இடம் மாறாமல் இருக்க அவளும்தான் நூல் ஓட்டுகிறாள். தைத்து முடித்ததும் அதை உருவி எடுக்காமல் ஒரு துணியையாவது கொடுத்திருப்பாளா?

"ஓட்டு நூலை உருவாமலே சட்டையைக் குடுத்திருக்க! இதுல என் புருஷன் உயிரு தொங்குதுடா!"

"மாப்ள, திருடன் உள்ள வராம நல்லாத்தான் அடைச்சிருக்க" என்றார் பிரேக். குரலில் சிரிப்பு இருந்தது. கை மட்டும் கட்டில் சட்டத்தை விடவில்லை.

அவளுக்குத் திட்ட இன்னும் நிறைய இருந்தது. ஆனால் ஒத்திகை நாள் நினைவுக்கு வந்து வாயைக் கட்டியது. டீச்சர் விசில் ஊதினால் எல்லாரும் கிரில் கதவைத் திறந்து ஜன்னல் வழியாக மாடிக்கு வரவேண்டும் என்பது ஏற்பாடு. "பெயிண்ட் காயட்டும், இப்போ திறந்தா கீறல் விழும், அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றான் தம்பி. ஒருவர்கூட மறுக்கவில்லை. புதுத் திரைச்சீலையில் கறை படுமே என்று அவளும் தலையாட்டினாள். எல்லாரும் வாசல் வழியாக நிதானமாக நடந்து மாடிக்குப் போய், ஒத்திகை பிரமாதம் என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்த தடவை என்று ஒன்று வரவே இல்லை.

"எதையாவது வச்சு அடிச்சா விடுமா?"

"விடும். சின்னப் பொட்டுதான். சுத்தியல் பட்டறையில இருக்கு."

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கரண்ட் போனால் கைகொடுக்கும் என்று அலமாரி மேல் வைத்திருந்த கரி இஸ்திரிப் பெட்டி. தூக்கினால் தோள் இறங்கும் கனம். எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் பதற்றத்தில் பூட்டு இருந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடித்தான். கம்பி அதிர்ந்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை. தண்ணீர் கட்டிலுக்கு மேல் வந்துவிட்டது. பிரேக் உட்கார்ந்த வாக்கில் தலையணையைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். அவள் தம்பியின் கையிலிருந்து இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கினாள்.

"நகருடா. பொட்டு எங்க?"

அவன் அவள் விரலைப் பிடித்து அந்த மேட்டில் வைத்தான். கடலை அளவுகூட இல்லை. அதன் பக்கத்திலேயே, கதவின் ஓரச் சட்டத்தில் இஸ்திரிப் பெட்டியால் அடித்தாள். தம்பி மேலிருந்த கோபத்தில் ஒன்று. திரைச்சீலைக்காகத் தன் மேலேயே ஒன்று. பிறகு யார் மேல் என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். கதவு வெளியே சாய்ந்து, கிறீச்சென்று கத்திக்கொண்டு திறந்தது.

தம்பி கக்கத்தில் கை கொடுக்க, அவள் இஸ்திரிப் பெட்டியை வெளியே படியில் வைத்துவிட்டுக் கட்டுக் காலை ஏந்த, டீச்சர் படியில் இறங்கி வந்து சட்டையைப் பிடித்து இழுக்க, ஒருவழியாக பிரேக் மாடிக்கு வந்து சேர்ந்தார். "ஸ்டாப் வந்தாச்சா?" என்றார். அவள் அவர் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, அந்தத் தலையையே மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பேக்கரிக்காரி கை காட்டினாள். பக்கத்தில் அவள் மாமியார். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு அதன் மேல் நின்றிருந்தார்கள். பேக்கரிக்காரி சாவியைத் தூக்கிக் காட்டி, பூட்டைத் திறந்து, கிரில் கதவைத் தள்ளினாள். இன்னொரு தடவை தள்ளினாள்.

"உங்க தம்பி வேலை ரொம்பக் கெட்டி!" என்று சிரித்துக்கொண்டே கத்தினாள். "வரவே மாட்டேங்குது!"

தையற்காரி திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் அந்தத் தெருவின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த வீட்டுல அறுத்தேன், எந்த வீட்டுல விட்டேன்னு ஞாபகம் இல்லக்கா."

கீழே தெரு பழுப்பாகச் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. தம்பியைப் போகவிடாமல் பிடித்து நிறுத்திக்கொள்ளத்தான் அவளுக்குக் கை பரபரத்தது. இப்போதுதான் ஒருவரை மீட்டிருக்கிறாள். இன்னொருவரைத் தண்ணீரில் இறக்க மனம் வரவில்லை. எதிர்வீட்டில் பேக்கரிக்காரி சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

அவள் டீச்சரிடம் கொடிக்கயிற்றை அவிழ்த்துத் தரச் சொன்னாள். அவன் இடுப்பில் தானே இரண்டு முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். பிறகு படியிலிருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"போடா" என்றாள். "பெயிண்ட் காஞ்சாச்சு."